ஆச்சி வீட்டுக் கறுப்பு ரிசீவர்: கழற்றித் துடைத்துப் பூட்டிய அனுபவம்

பழைய டெலிபோன் ரிசீவர் ஒன்று கைக்கு வந்தால் முதலில் முகர்ந்து பார்ப்பது என் பழக்கம். இதில் தேங்காய் எண்ணெய், விபூதி, வெற்றிலை எல்லாம் கலந்து அடித்தது. அதற்கெல்லாம் அடியில் ஆஸ்பத்திரி வாடை மாதிரி ஒன்று. கட்டைவிரலைக் கைபிடியில் வைத்துச் சூடேறும் வரை வேகமாகத் தேய்த்து மறுபடி முகர்ந்தேன். அந்த வாடை தூக்கலாக வந்தது. அது பீனால் வாடை. அப்படி என்றால் இது அசல் பேக்கலைட், அந்தக் காலத்துக் கெட்டிப் பிளாஸ்டிக். பிற்காலத்துப் பிளாஸ்டிக் ரிசீவரில் இந்த வாடை வராது, இந்தக் கனமும் இருக்காது.

வீடு செட்டிநாட்டில், கானாடுகாத்தான் பக்கத்து ஊரில். முகப்பில், ஒரு காலத்தில் கணக்குப்பிள்ளை உட்கார்ந்த சாய்வு மேசைக்கு மேலே ஒரு தேக்குப் பலகை. அந்தப் பலகையில் போன். அடித்தட்டில் ஐ.டி.ஐ. (இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ்) முத்திரை. பெங்களூரில் 1948-ல் தொடங்கிய தொழிற்சாலை அது. அது இருக்கும் பகுதிக்கே தூரவாணி நகர் என்று பெயர். எனக்கு இந்தப் பெயர் எப்போதும் பிடிக்கும்.

அடுத்த மாதம் படைப்பு, அதாவது முன்னோரைக் கும்பிடுவது; பங்காளிகள் 40 புள்ளிக்கு (குடும்பத்துக்கு) மேல் வந்து சேர்வார்கள் என்று வீட்டுக்கார ஆச்சி சொன்னார். "அதுக்குள்ள இதைப் பேச வச்சிரு தம்பி. வர்ற புள்ளைக எல்லாம் தூக்கிக் காதுல வச்சுப் பாத்துட்டு, சத்தமே இல்லைன்னு வச்சுட்டுப் போகுதுக" என்றார். முழுக்கச் சத்தம் இல்லாமல் இல்லை. லைனில் மாட்டிக் கேட்டபோது டயல் டோன் கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி மெலிதாக இருந்தது. நான் பேசினால் எதிர்ப்பக்கம் வெறும் கரகரப்பு. இரண்டு பக்கமும் பழுது என்றாலும் இரண்டும் வேறு வேறு பழுது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் கையில் பிடிக்கிற முழுச் சாமானையும் ரிசீவர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். தொழிலில் ரிசீவர் என்பது காதுப்பக்கத்துக் கருவிக்கு மட்டும் உள்ள பெயர். வாய்ப்பக்கத்தில் இருப்பது டிரான்ஸ்மிட்டர். இங்கே ஊர் வழக்கப்படி முழுதையும் ரிசீவர் என்கிறேன். உள்ளே இருப்பவற்றைக் காதுப்பக்கம், வாய்ப்பக்கம் என்று பிரித்துக்கொள்ளலாம்.

லைனைப் பிடுங்கிவிட்டுத்தான் ஸ்க்ரூ டிரைவரைத் தொட வேண்டும். சும்மா இருக்கும்போதே லைனில் 48 வோல்ட் அளவு டி.சி. இருக்கும். அது பெரிதாக ஒன்றும் செய்யாது. நீங்கள் திறந்து வைத்திருக்கும் நேரத்தில் யாராவது கூப்பிட்டுவிட்டால், மணி அடிப்பதற்கான ஏ.சி. 75 வோல்ட் அளவில் வரும். ஈரக் கையில் அது சுள்ளென்று பிடிக்கும்.

உட்கார்ந்தது வளவில். நடுமுற்றத்து வெளிச்சம் நேராக விழாமல் தூணுக்கு இந்தப் பக்கம் பரவலாக வரும் இடம். வெயிலில் வைத்து வேலை செய்யக் கூடாது. பேக்கலைட்டின் பளபளப்பைப் பறிப்பதில் வெயிலுக்குத்தான் முதலிடம். கீழே வெள்ளைத் துண்டு விரித்தேன். சின்னச் சாமான் கீழே விழுந்தால் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் பூவேலைப்பாட்டில் அது எங்கே போனது என்றே தெரியாது. ஆச்சியிடம் ஒரு இட்லித் தட்டு கேட்டு வாங்கினேன். ஒவ்வொரு குழிக்கும் ஒரு கட்டத்து ஸ்க்ரூ, வாஷர். கழற்றிய வரிசையில் குழிகளை நிரப்பி, பூட்டும்போது பின்னாலிருந்து காலி செய்துகொண்டே வந்தால் எதுவும் மாறாது. பத்து வருஷமாக இப்படித்தான் செய்கிறேன்.

இரண்டு மூடியும் மரை போட்டவை. காதுப்பக்க மூடி இரண்டே திருப்பில் வந்துவிட்டது. வாய்ப்பக்க மூடி அசையவில்லை. பேச்சோடு போன எச்சில், மூச்சு ஈரம், பவுடர், இந்தப் பக்கத்துச் செம்மண் தூசி எல்லாம் மரைக்குள் போய்ச் சுண்ணாம்பு மாதிரி இறுகிப்போயிருந்தது. இந்த இடத்தில் குறடு எடுத்தால் முடிந்தது கதை. பேக்கலைட் வளையாது, நேராக உடையும். குறடு வைத்த மூடிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஓரமெல்லாம் எலி கடித்த மாதிரி இருக்கும்.

நான் செய்வது ஒத்தடம். வெந்நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியை மூடியைச் சுற்றி மூன்று நிமிஷம் வைக்க வேண்டும். கை தாங்குகிற சூடு போதும். அப்புறம் சைக்கிள் டியூபை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, அந்தப் பட்டையை மூடிமேல் இறுக்கச் சுற்றி, உள்ளங்கை முழுவதும் படும்படி பிடித்து இடப்பக்கமாகத் திருக வேண்டும். ஒரே மூச்சில் முறுக்காமல், கொஞ்சம் திருகி, கொஞ்சம் விட்டு, மறுபடி. மூன்றாவது ஒத்தடத்துக்குப் பிறகு 'கிரிச்' என்று ஒரு சத்தம். மரைக்குள் இருந்த அழுக்கு உடைகிற சத்தம் அது. அதைக் கேட்டபின் மூடி தானாகச் சுழன்று வந்தது.

முதலில் காதுப்பக்கம். மூடியை எடுத்ததும் ஒரு வட்டத் தகடு தெரியும். இதுதான் டயஃப்ரம், மெல்லிய இரும்பு. அதன் அடியில் நிலைக்காந்தம். காந்தத்தின் இரண்டு முனையிலும் மயிரிழைக் கம்பி சுற்றிய இரண்டு காயில். தகட்டுக்கும் காந்த முனைக்கும் நடுவே ஒரு தாள் நுழைகிற இடைவெளிதான். காயிலில் பேச்சு மின்சாரம் ஓடும்போது காந்தத்தின் இழுப்பு கூடிக் குறையும், தகடு அதற்கேற்ப அதிரும், அதுவே குரல்.

மின்சாரம்தான் காந்தமாகிறதே, அப்புறம் நிலைக்காந்தம் எதற்கு என்று சின்ன வயதில் எனக்குச் சந்தேகம் இருந்தது. வெறும் மின்காந்தம் என்றால் மின்சாரம் எந்தத் திசையில் போனாலும் இரும்பை இழுக்கத்தான் செய்யும், தள்ளாது. அப்போது ஒரு அலைக்கு இரண்டு இழுப்பு விழும். குரல் இரண்டு மடங்கு அதிர்வெண்ணில், யார் பேசுகிறார்கள் என்றே தெரியாமல் கேட்கும். நிலைக்காந்தம் தகட்டை எப்போதும் பாதி இழுத்தே வைத்திருப்பதால், மின்சாரம் ஒரு பக்கம் போனால் இழுப்பு கூடுகிறது, மறுபக்கம் போனால் குறைகிறது. குரல் குரலாக வருகிறது. அந்தக் காந்தம் பலவீனப்பட்டால் சத்தம் குறையும். கீழே போட்டாலோ சூடு காட்டினாலோ பழைய எஃகுக் காந்தம் பலம் இழக்கும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தகட்டை எடுக்கும் முறைதான் இந்த வேலையிலேயே முக்கியமானது. நகத்தாலோ ஸ்க்ரூ டிரைவராலோ ஓரத்தில் நெம்பக் கூடாது. நான் முதன்முதலில் திறந்த ரிசீவரில், வருஷங்களுக்கு முன், நெம்பித்தான் எடுத்தேன். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஒரு வளைவு விழுந்தது. அதற்கப்புறம் அந்த ரிசீவரில் 'ழ', 'ஷ' எல்லாம் தகரத்தைத் தட்டுகிற மாதிரிதான் கேட்டது. எவ்வளவு முயன்றும் நேராக்க முடியவில்லை. அந்தத் தகட்டை இன்னும் என் பெட்டியில் வைத்திருக்கிறேன். சரியான முறை, பெருவிரலைத் தகட்டின்மேல் தட்டையாக வைத்து, தோசைக்கல்லில் இருந்து தோசையை நகர்த்துகிற மாதிரி பக்கவாட்டில் தள்ளுவது. காந்தம் மேலே தூக்குவதைத்தான் எதிர்க்கும், பக்கவாட்டில் நகர்வதை அவ்வளவாக எதிர்க்காது. எடுக்கும் முன் மேல்பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். இத்தனை வருஷம் ஒரே பக்கமாக இழுபட்ட தகடு அது; திருப்பிப் போடக் கூடாது.

தகட்டின் அடிப்பக்கத்தில் மூன்று இடத்தில் துருப் பொட்டு. அந்தத் துரு பொடியாக உதிர்ந்து காந்த முனைகளில் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. சத்தம் கிணற்றுக்குள் போனதற்குக் காரணம் இதுதான். தாள் அளவு இடைவெளியில் துருப்பொடி நிரம்பினால் தகடு எங்கே அதிரும்?

காந்தத்தில் ஒட்டிய இரும்புப்பொடி பிரஷுக்கு வராது. பிரஷ் அதை இந்த முனையில் இருந்து அந்த முனைக்குத் தள்ளும், அவ்வளவுதான். ஊதினாலும் போகாது. ஒட்டும் டேப்பை விரலில் பசைப்பக்கம் வெளியே இருக்கும்படி சுற்றி, முனைமேல் மெதுவாக ஒற்றி எடுக்க வேண்டும். ஒவ்வொரு ஒற்றலுக்கும் புது இடம். அன்றைக்கு 30 தடவைக்கு மேல் ஒற்றினேன். முதல் டேப்பில் காபிப்பொடி மாதிரி அடர்ந்து வந்தது, கடைசியில் ஒன்றிரண்டு புள்ளி. காயில் கம்பியின் மேல் டேப் படவே கூடாது. அந்தக் கம்பி அறுந்தால் வீட்டில் உட்கார்ந்து திரும்பச் சுற்றுவது நடக்கிற காரியமில்லை. இரும்பை அரத்தால் ராவிய மேசையில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். ஊரில் உள்ள இரும்புத்தூள் எல்லாம் இந்தக் காந்தத்தைத் தேடி வரும்.

தகட்டின் துருவுக்குப் பள்ளிக்கூடத்து அழி ரப்பர் போதும். கண்ணாடித் துண்டின்மேல் தகட்டைத் தட்டையாக வைத்து, விரல் நுனியால் பிடித்து, பொட்டின்மேல் மட்டும் தேய்த்தேன். அப்புறம் மெழுகு தொட்ட துணியால் ஒரே ஒரு துடைப்பு. காயிலை மல்டிமீட்டரில் பார்த்தபோது 57 ஓம். அறுபடவில்லை. அதைப் பார்த்ததும் மனம் நிம்மதியாயிற்று. தகட்டைப் புள்ளி மேலே தெரிய வைத்து, மறுபடி பக்கவாட்டிலேயே நகர்த்தி இடத்தில் சேர்த்தேன்.

இனி வாய்ப்பக்கம். இங்கேதான் எனக்கு ஆசை அதிகம். மூடிக்குள் ஒரு வட்டமான உலோக டப்பி, அதன் முன்னால் ஒரு மெல்லிய தகடு. டப்பிக்குள் இருப்பது கார்பன் குருணை. குருணை அரிசியைவிடப் பொடியாக, கறுப்பு மணல் மாதிரி. ஆட்டினால் சலசலக்கும். நாம் பேசும்போது தகடு அமுங்குகிறது, குருணைகள் நெருங்குகின்றன, மின்தடை குறைகிறது, மின்சாரம் கூடுகிறது. தகடு விலகினால் மறுதலை. 1877-ல் எடிசன் கார்பனை வைத்துச் செய்த டிரான்ஸ்மிட்டரில் தொடங்கி, நூறு வருஷத்துக்கு மேல் உலகத்தின் போன்கள் எல்லாம் இந்த முறையில்தான் பேசின. இதில் இன்னொரு அருமை: இந்த டப்பி குரலை மின்சாரமாக மாற்றுவது மட்டுமில்லை, பெருக்கியும் கொடுக்கிறது. எக்ஸ்சேஞ்சில் உள்ள பேட்டரியின் மின்சாரத்தை நம் குரல் திறந்து மூடுகிறது, குழாயைத் திருகுகிற மாதிரி. அதனால்தான் ஒரு டிரான்சிஸ்டர்கூட இல்லாமல், வீட்டில் கரண்ட் போனாலும், அந்தக் காலத்துப் போன் பல மைல் தூரம் பேசியது.

இந்த டப்பியைத் திறக்கக் கூடாது. ஓரம் மடித்து அடைத்திருப்பார்கள். திறந்தால் குருணை கொட்டும், திரும்ப அதே அளவு அடைக்க முடியாது. தண்ணீர், ஆல்கஹால், ஸ்ப்ரே எதுவும் முன்பக்கத்து ஓட்டைகளில் போகக் கூடாது. ஈரம் பட்டால் குருணை கட்டி தட்டிவிடும். இந்த டப்பிக்கு வந்த வியாதியும் அதுதான். மல்டிமீட்டர் வைத்தால் 600 ஓம், அசைத்தால் 350, மறுபடி 700 என்று நிலையில்லாமல் ஓடியது. எதிர்ப்பக்கம் கேட்ட கரகரப்பு இந்த ஓட்டம்தான்.

டப்பியை ஒரு மூடி உள்ள எவர்சில்வர் சம்படத்தில், சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் ஆறேழு போட்டு, இரண்டு நாள் வைத்துவிட்டேன். அப்புறம் வெளியே எடுத்து, செங்குத்தாகப் பிடித்து, மர ஸ்க்ரூ டிரைவர் கைபிடியால் ஓரத்தில் மெதுவாகத் தட்டிக்கொண்டே ஒரு முழுச் சுற்று சுற்றினேன். மறுபடி படுக்க வைத்து ஒரு சுற்று.

நான் தட்டிக்கொண்டிருந்தபோது ஆச்சி பட்டாலைத் தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க மாமனாரும் இப்படித்தான் தட்டுவாக" என்றார்.

என்ன ஆச்சி என்று நிமிர்ந்தேன்.

"போனை எடுத்தாகன்னா, பேசுறதுக்கு முன்னாடி இடது கையில டொக்கு டொக்குன்னு ரெண்டு தட்டு. அப்பறந்தான் ஹலோன்னுவாக. நாங்க புதுசா வாக்கப்பட்டு வந்தப்ப, கோவமா இருக்காக போலன்னு உள்ள ஓடிருவோம்."

எனக்குப் பேச்சே வரவில்லை. அது கோபமில்லை ஆச்சி, வைத்தியம் என்று சொன்னேன். குருணை படிந்து இறுகாமல் இருக்க, பேசும் முன் ரிசீவரைத் தட்டுவது கார்பன் போனுக்கு உண்டான முறை. போனோடு பழகியவர்கள் கையிலேயே அது வந்துவிடும். டப்பியை இப்படி அப்படி ஆட்டி அந்தச் சலசலப்பைக் காட்டினேன். காதருகில் வாங்கி வைத்துக் கேட்டார். "இம்புட்டு நாளு இது தெரியாமப் போச்சே" என்றார். அப்புறம் ரிசீவர் கைபிடியை எடுத்துத் திருப்பி, வாய்ப்பக்கத்தின் அடியில் ஒரு இடத்தைக் காட்டினார். ஒரு ரூபாய்க் காசு அளவில் பளபளப்பு போய், மேலே சின்னச் சின்னக் கொத்து விழுந்த ஒரு வட்டம். நான் அதை யாரோ கீழே போட்ட காயம் என்று நினைத்திருந்தேன். "இது அவுக மோதிரம் பட்ட எடம்" என்றார்.

மாமனார் அந்தக் காலத்தில் பேசியதெல்லாம் டிரங்க் கால், எக்ஸ்சேஞ்சில் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிற வெளியூர் அழைப்பு. நாமே எண் சுற்றி வெளியூரைக் கூப்பிடுகிற எஸ்.டி.டி. நாட்டிலேயே முதலில் வந்தது 1960-ல், கான்பூருக்கும் லக்னோவுக்கும் நடுவே. நம் பக்கத்து ஊர்களுக்கு அது வந்துசேர இன்னும் பல வருஷம் ஆனது. காலையில் மெட்ராஸுக்குப் பதிவு செய்துவிட்டு, கூப்பிடுவார்கள் என்று மத்தியானம் வரை முகப்பிலேயே உட்கார்ந்திருப்பாராம். கிடைத்ததும் ஊர் கேட்கக் கத்திப் பேச வேண்டும். தூரம் போகப் போகக் குரல் தேய்ந்துவிடும், அதனால் கத்தல். வீட்டின் பின்பகுதியில், மூன்றாவது கட்டில் சமைத்துக்கொண்டிருந்தவர்களுக்கே வட்டிக் கணக்கெல்லாம் தெரிந்துவிடும் என்று ஆச்சி சிரித்தார்.

தட்டிய பிறகு டப்பியின் தடை 90 ஓம் பக்கத்தில் நின்றது. ஊதினால் நகர்ந்தது, ஊதாவிட்டால் சும்மா இருந்தது. அது போதும்.

உள்ளே ஒயர் முனைகளைப் பார்த்தால் பித்தளைத் திருகாணிகளில் எல்லாம் பச்சைக் களிம்பு. அவற்றின் அடியில் இருந்த இரும்பு வாஷர்கள் துருப்பிடித்து இற்றே போயிருந்தன. இரண்டு வேறு உலோகம் ஒட்டி இருந்து நடுவில் ஈரம் சேர்ந்தால் அதுவே ஒரு குட்டி பேட்டரி. அதில் இரும்புதான் முதலில் கரையும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், ரேடியோ சரிபார்க்க வந்தவர். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலம் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறந்த ஆய்வகம் அது. உலோகம் அரிப்பதை ஆராய்கிற இடம் நம் ஊரில் இருக்கிறது, நாம் இங்கே வாஷருக்குத் துரு பிடித்தால் ஏன் என்று கேட்பதில்லை என்று அவர் வருத்தப்படுவார்.

களிம்பைப் பார்த்ததும் ஆச்சி புளி கரைக்கவா என்று கேட்டார். பித்தளைக்குப் புளி என்பது கைப்பழக்கம். ஆனால் ரிசீவருக்குள் வைத்துப் புளி போட்டால், அமிலம் மரைக்குள் தங்கி அடுத்த மழைக்காலத்தில் மறுபடி பச்சை பூக்கும். அதனால் கழன்று வருகிற திருகாணிகளை மட்டும் ஆச்சியிடம் கொடுத்தேன். அவர் புளியில் தேய்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசி, துடைத்துக் கொடுத்தார். தங்கம் மாதிரி இருந்தது. உள்ளேயே பதிந்திருக்கும் முனைகளுக்கு ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியும் அழி ரப்பரும். வாஷர்களைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பித்தளை வாஷராகவே போட்டேன். ஒயரைக் கழற்றும் முன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு, வெள்ளை, பச்சை என்று இருந்தாலும் எண்ணெய் ஏறி மூன்றும் ஒரே பழுப்பாக இருக்கும்.

கார்டு, பழைய நூல் பின்னல். உள்ளே இருப்பது நாம் நினைக்கிற கம்பி இல்லை. பருத்தி நூல்மேல் சன்னமான செம்பு நாடாவைச் சுற்றியது, ஜரிகை மாதிரி. ஆயிரம் தடவை வளைந்தாலும் அறாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் சால்டரிங் சூடு பட்டால் நூல் கருகிவிடும். ஒரு முனையில் லக், அதாவது திருகாணியில் மாட்டுகிற உலோக நுனி, விட்டுப்போயிருந்தது. மெல்லிய செம்புக் கம்பியை அந்த முனையில் நெருக்கமாக எட்டுச் சுற்று சுற்றி, அதன்மேல் புது லக்கை வைத்து நெரித்தேன். கார்டின் நூலை உள்ளே ஒரு கொக்கியில் கட்டியிருப்பார்கள், அதை மறக்காமல் திரும்பக் கட்ட வேண்டும். இழுப்பெல்லாம் அந்த முடிச்சு தாங்கும், ஒயர் தாங்காது.

பேக்கலைட்டைத் துடைப்பது நிதானமான வேலை. 1907-ல் பேக்லாண்ட் என்ற வேதியியலாளர் பீனாலையும் பார்மால்டிஹைடையும் சேர்த்துச் செய்த பொருள் இது, அவர் பெயரே இதற்கும். உறுதிக்காக உள்ளே மரத்தூள் கலந்திருப்பார்கள். மேலே கண்ணாடி மாதிரி ஒரு தோல், அந்தத் தோல் இருக்கும் வரைதான் அழகு. மணல் தாள் போட்டால் தோல் போய் மரத்தூள் தெரியும், அதில் தண்ணீர் இறங்கும். ஊற வைக்கவும் கூடாது. ஒயர் இல்லாத இரண்டு மூடிகளை மட்டும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் இரண்டு நிமிஷம் முக்கி, பல் துலக்கும் பழைய பிரஷால் மரையையும், பல்குச்சியால் ஒவ்வொரு ஓட்டையையும் சுத்தம் செய்தேன். காது மூடியின் ஓட்டைகளில் இருந்து வந்தது பெரும்பாலும் எண்ணெயில் குழைந்த விபூதி. அதைத் துடைக்கும்போது யாருடைய நெற்றியில் இருந்து உதிர்ந்ததோ என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

கைபிடிக்குப் பிழிந்த துணி மட்டும். காய்ந்த பிறகு பஞ்சில் ஒரு பொட்டு பிராஸோ (பித்தளை பாலிஷ்) தொட்டு, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தேன். பஞ்சு டீ நிறத்துக்கு வரும், பயப்பட வேண்டாம். வெயிலில் வெந்த மேல் படலம்தான் அப்படி வருகிறது. அதற்குமேல் கார்னோபா மெழுகு, சன்னமாக, கால் மணி நேரம் விட்டுத் துடைப்பு. ஆத்தங்குடிக் கல்லுக்குப் போடுகிற மாதிரி தேங்காய் எண்ணெய் போட்டால் என்ன என்று கேட்டார் ஆச்சி. எண்ணெய் அன்றைக்கு மினுக்கும், அடுத்த வாரமே தூசியைக் கூப்பிட்டுச் சேர்க்கும், பிறகு சிக்கு வாடை அடிக்கும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழஞ்சாமான் கடைகளில் இந்த மாதிரிப் போன்களைப் பார்க்கும்போது ஒரு வருத்தம் எனக்கு. வாங்குகிறவர்களுக்குப் பளபளப்பு வேண்டும் என்று மேலே கறுப்புப் பெயின்ட் ஸ்ப்ரே அடித்துவிடுகிறார்கள். மூடி மரையில் பெயின்ட் இறங்கி ஒட்டிக்கொள்கிறது. அதற்கப்புறம் அதை உடைக்காமல் திறக்க முடியாது. எல்லாப் பக்கமும் திருகாணி வைத்து, கழற்றித் துடைத்துப் பூட்டுவதற்கென்றே செய்த சாமான் அது. அதை மூடி முத்திரை வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

மோதிர வட்டத்தை நான் தொடவில்லை. பிராஸோ பஞ்சு அதைச் சுற்றிப் போயிற்று. மெழுகு மட்டும் மேலே போட்டேன், ஈரம் இறங்காமல் இருக்க.

பூட்டும் முன் ஒரு சோதனை, இதை நீங்களும் செய்து பார்க்கலாம். மூன்று பென் டார்ச் செல்லை வரிசையாக வைத்தால் 4.5 வோல்ட். அதோடு கார்பன் டப்பியையும் காதுப்பக்கத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வட்டமாக இணைக்க வேண்டும். 90 ஓமும் 57 ஓமும் சேர்ந்தால் 147. ஓடுகிற மின்சாரம் 30 மில்லி ஆம்பியர் அளவு. போன் லைனிலும் ஏறக்குறைய இவ்வளவுதான் ஓடும், அதனால் சாமானுக்குக் கேடில்லை. நிலைக்காந்தத்தை மதித்து, சில நொடிகளில் முடித்துக்கொள்வது நல்லது. காதுப்பக்கத்தைக் காதில் வைத்து டப்பியில் மெதுவாக ஊதினேன். காற்று அடிப்பது காதில் கேட்டது. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றேன். என் குரல், கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி, ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக.

எல்லாம் பூட்டி, மூடிகளைக் கைவிரல் பலத்துக்கு மட்டும் இறுக்கி, லைனில் மாட்டினோம். வீட்டில் இருப்பது ஃபைபர் இணைப்பு. அந்தப் பெட்டிக்கு டயலின் துடிப்பு புரியவில்லை, அதனால் இதிலிருந்து எண் சுற்ற முடியாது. வருகிற அழைப்பை எடுத்துப் பேசலாம். நான் இரண்டாம் கட்டுக்குப் போய், கைப்பேசியில் இருந்து வீட்டு எண்ணைக் கூப்பிட்டேன். முகப்பில் மணி மெலிதாக அடித்தது. எடுக்கிற சத்தம். அப்புறம் டொக், டொக் என்று இரண்டு தட்டு.

"ஹலோ, யாரு?"

பழக்கதோஷத்தில் நானும் உரக்க, நான்தான் ஆச்சி, இரண்டாம் கட்டில் இருந்து பேசுகிறேன் என்றேன்.

"கத்தாதப்பா. நல்லாக் கேக்குது."

மீதி இருப்பது மணி. கிண்ணங்கள் இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன, நடுவில் அடிக்கிற குண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. ஃபைபர் பெட்டி கொடுக்கிற மணி மின்சாரமும் இந்த இரட்டைக் காயிலுக்குக் கொஞ்சம் பற்றாக்குறை. கிண்ணங்களின் நடுத் திருகாணியைத் தளர்த்தித் திருப்பினால் குண்டுக்கும் கிண்ணத்துக்கும் உள்ள இடைவெளி மாறும், அதில் பாதிச் சத்தம் மீளும். வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறேன். ஆச்சி இட்லித் தட்டைக் கழுவாமல் அப்படியே எடுத்து வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.